நாற்பதைத் தாண்டாத அண்ணன்

என் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காரில் ஏறுவான். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். வெறுங்காலால் மிதித்தால்தான் ஆக்சிலேட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று உள்ளங்காலுக்குத் தெரியுமாம். செருப்புப் போட்ட கால் பெட்ரோலைக் குடிக்குமாம். இந்தக் கண்டுபிடிப்பைத் தனக்குள் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன? காரில் ஏறுகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் சொல்வான்.

இந்தத் தொடரில் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக எங்கள் வீட்டை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நான்கு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதைவிடப் பெரிதாக மகன் பெருமை. அண்ணன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் சூப்பர்வைசர். தெருவில் அவனுக்கு 'மைலேஜ்' என்று பெயர். கிண்டல் என்று புரியாமல் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்துவான். அண்ணி கல்யாணத்துக்கு முன் ஒரு பால் பண்ணையின் லேபில் வேலை பார்த்தவள். ஊர் ஊராகப் போய்ப் பால் சாம்பிள் எடுக்க லேப் வேனை அவளேதான் ஓட்டுவாள். கல்யாணம் ஆனதும் அண்ணன் அவள் வேலையையும் நிறுத்தினான், ஸ்டியரிங்கையும் தொட விடவில்லை. நான் கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள், அண்ணனின் தங்கை, கல்யாணம் ஆகாதவள், நாக்கு நீளமானவள். கடைசி விஷயம் அண்ணன் சொன்னது.

அவன் கார் ஓட்டும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்பீடு முள் நாற்பதைத் தாண்டாது. நகரத்துக்குள் நாற்பது, நெடுஞ்சாலையில் நாற்பது, முன்னால் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் நாற்பது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்கள். சில பேர் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "பெட்ரோலை எரிக்கிறான் பாரு, முட்டாள்" என்பான்.

அதுவும் மூன்றாவது கியரில். நான்காவதை எப்போதாவது தொடுவான். ஐந்தாவது கியருக்கு இந்தக் காரில் பிறந்த பாவத்தைத் தவிர வேறு வேலை கிடையாது. கியர் நம்பர் ஏற ஏற பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே. இன்ஜின் மூன்றில் முக்கி முனகிக்கொண்டே வரும், அவன் அதைச் சிக்கனம் என்பான். எடை குறையட்டும் என்று ஸ்டெப்னி டயரைக்கூடக் கழற்றி மாடியில் போட்டிருந்தான். அம்மா தண்ணீர் பாட்டிலோடு ஏறினால், பாதியைக் கொட்டிவிட்டு வரச் சொல்லுவான். நான் மிகைப்படுத்தவில்லை.

இந்த நாற்பதால் வீட்டில் ஒரு துக்கமும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணியின் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதாகப் போன் வந்தது. கிளம்பினோம். அன்றைக்கும் நாற்பதுதான். நான் ஓட்டட்டுமா என்று அண்ணி கேட்டாள். அழுகிறவள் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். அண்ணியின் வீட்டார் கொதித்தார்கள். அண்ணிதான் அவர்களை அடக்கினாள். அவருக்கு வேகம் என்றால் பயம், அவருக்கு வராது, விட்டுவிடுங்கள் என்றாள்.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் புதிதாக ஒரு பால் ஆலை திறந்திருக்கிறார்கள். லேபுக்கு ஆள் எடுத்தார்கள். அண்ணி எங்கள் யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்து, நேர்காணலுக்கும் போய், வேலையை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அதைத்தான் போன வாரம் பார்த்தோம். வருகிறாளா இல்லையா என்று இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் போன் செய்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இந்த வயதில் இன்னொரு லேப் தன்னைக் கூப்பிடாது என்று அண்ணிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அண்ணனுக்கு நன்றாகவே தெரியும்.

ஆலையின் ஷிப்ட் நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. காரில் வருகிறவர்களுக்குத் தினம் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்குக் கூப்பன் தருவார்கள். அண்ணன் இதைக் கேட்டதும் பெரிய நீதிபதி மாதிரி தலையை ஆட்டி ஒரு தீர்ப்புச் சொன்னான். போய் வர ஐந்து லிட்டருக்குள் அடங்கினால் அவன் பஸ்ஸில் ஆபீசுக்குப் போவான், கார் அவளுக்கு. அடங்காவிட்டால் வேலையை மறந்துவிட வேண்டும். அவனே ஓட்டிக் காட்டுவான், எல்லாரும் கூட வந்து பார்க்கலாம்.

அம்மாவுக்குப் பூரிப்பு. நாற்பதைத் தாண்டாத மகன் ஓட்டினால் ஐந்து லிட்டர் எதற்கு, மூன்றே போதும் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேண்டாம் என்று வாயால் சொன்னால் கெட்ட பெயர். அதனால் மறுக்கிற பொறுப்பை அண்ணன் பெட்ரோல் டேங்கிடம் ஒப்படைத்திருக்கிறான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்றைக்கு எனக்குக் கடை விடுமுறை. காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினோம். வாசலில் வந்து பார்த்தால் அண்ணன் மாடியிலிருந்து ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வருகிறான். நீளப் பயணம், பாதுகாப்பு முக்கியம் என்றான். அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலை நிறைத்துக்கொண்டு வரச் சொன்னான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு லேசாக உறுத்தியது.

பெட்ரோல் பங்கில் பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பினோம். போய்விட்டு வந்து இதே பம்பில் மறுபடியும் நிரப்பினால் எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, அதுதான் செலவு. சின்னக் குழந்தைக்கும் புரிகிற விஷயம். அண்ணன் அதையும் எங்களுக்கு இரண்டு தடவை விளக்கினான்.

ஊர் எல்லை தாண்டியதும் ஏசியைப் போட்டான். அந்த ஏசி கடைசியாக எப்போது ஓடியது என்று ஏசிக்கே ஞாபகம் இருக்காது. உள்ளே இருந்த தூசி எல்லாம் அம்மாவின் முகத்தில் வந்து விழுந்தது. அம்மா இருமிக்கொண்டே மகனின் பாசத்தைப் பாராட்டினாள்.

முள் நாற்பதுக்கு வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், இனி நெடுநேரம் ஒரே மரத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே. அப்போது முதுகு சீட்டில் ஒட்டியது. எட்டிப் பார்த்தால் அறுபது. பிறகு எண்பது. பிறகு நூறு. பழக்கதோஷம், நான்காவது கியருக்கு மேல் போகவே இல்லை. இன்ஜின் அலறியது. அம்மா மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, என்னடா அவசரம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

நெடுஞ்சாலையில் இப்படித்தான் போக வேண்டும், மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான் என்றான் அண்ணன். வாழ்நாள் முழுக்கப் பின்னால் வருகிறவனின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிற பேச்சா இது? முள் நூற்றி இருபதைத் தொட்டது. முன்னால் லாரி வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிப்பான், லாரி ஒதுங்கியதும் மறுபடியும் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்துவான். அம்மா பிளாஸ்டிக் கவரைத் தேட ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்பதில் போனால் ஐந்து லிட்டருக்குள் அடங்கிவிடும் என்று அம்மாவைப் போலவே அவனும் நம்பினான். அடங்கிவிட்டால் கார் போய்விடும், மத்தியானச் சூடான சாப்பாடு போய்விடும், வீட்டில் தான் ஒருவன்தான் சம்பாதிக்கிறவன் என்கிற மெடல் போய்விடும். ஆகவே ஒரு சொட்டுப் பெட்ரோலுக்காகப் பெற்ற தாயின் தண்ணீரைக் கொட்டச் சொன்னவன், இன்றைக்கு டேங்கைக் கவிழ்த்துக் கொட்டாத குறையாக ஓட்டிக்கொண்டிருந்தான். இவ்வளவு கேவலத்தை நான் அவனிடம்கூட எதிர்பார்க்கவில்லை.

வாயைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி என் கையை அழுத்தினாள். அவள் கண் ஸ்பீடு முள்ளின் மேல் இருந்தது. முகத்தில் கோபம் இல்லை. எதையோ நினைத்துக்கொண்டு, அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலை வந்தது. வெள்ளைக் கட்டடம், வாசலில் பால் டேங்கர்கள் வரிசை கட்டி நின்றன. கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், ஆலை மேல் ஆசையால் அல்ல. டெஸ்ட் என்றால் டெஸ்ட், நடுவில் நிற்கக் கூடாது என்று சொல்லி அண்ணன் கேட் முன்னாலேயே வண்டியைத் திருப்பினான். திரும்பும் வழியெல்லாம் அதே ஓட்டம்.

பங்கில் வந்து மறுபடியும் நிரப்பினோம். எண்கள் ஓடின. நான்கு, ஐந்து, ஆறு. ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் பம்ப் நின்றது.

அண்ணன் முகத்தை இழவு வீட்டுக்குப் போகிறவன் போல் வைத்துக்கொண்டான். அதற்குள் ஒரு சிரிப்பு துடித்ததை நான் பார்த்தேன்.

"நான் என்ன வேணாம்னா சொன்னேன்? வண்டி சொல்லுது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றான்.

அண்ணி மீட்டரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"டேங்க் இப்ப ஃபுல்லா இருக்குல்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒரு தடவை பண்ணினதை வச்சு லேப்ல முடிவு எழுத மாட்டோம். ரெண்டாவது தடவை பண்ணுவோம், வேற ஆள் பண்ணுவாங்க. சாவியைக் குடுங்க. இப்ப நான் ஓட்டுறேன்."

அண்ணன் சிரித்தான். பம்பில் நின்றவரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். வெகு நாளாக ஸ்டியரிங் பிடிக்காத கை, நெடுஞ்சாலை, வேண்டாத வேலை என்று அடுக்கினான். அவனுக்குத் தோல்வி பயம் இல்லை. அவனே ஏழு லிட்டர் எரித்த ரோட்டில் ஒரு பொம்பளை என்ன கிழித்துவிடப் போகிறாள் என்கிற எண்ணம்தான். சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மாதான் குறுக்கே வந்தாள். கொடுத்துத்தான் பாரேன், பின்னால் அவள் மனதில் ஒரு குறை இருக்கக் கூடாது என்றாள். மகன் ஜெயித்துவிட்டான் என்கிற தைரியத்தில் பேசினாள், பாவம். அப்படியென்றால் எல்லாரும் வர வேண்டும், ஆள் குறைந்தால் எடை குறையும், அது ஏமாற்று என்று அண்ணன் நிபந்தனை போட்டான். ஏமாற்றைப் பற்றி யார் பேசுகிறார்கள் பாருங்கள்.

எல்லாரும் ஏறினோம். அம்மா முன்னால், அண்ணன் பின்னால் எனக்குப் பக்கத்தில். ஸ்டெப்னியும் இருந்தது, ஏசியும் ஓடியது, தண்ணீர் பாட்டிலையும் அண்ணி மறுபடி நிறைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றவில்லை. சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒரு குலுக்கல் இல்லாமல் எடுத்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் கியர் ஒவ்வொன்றாக ஏறியது. ஐந்தாவதில் போட்டபோது அண்ணன் பதறிவிட்டான். அஞ்சில் போட்டால் குடிக்கும், மூன்றுக்கு வா என்றான். இன்ஜினோ அப்போதுதான் முதல் முறையாக வாயை மூடியிருந்தது. முள் எழுபதுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. பிறகு அசையவில்லை. தூரத்தில் லாரி தெரிந்தால் முன்கூட்டியே காலை எடுத்துவிடுவாள். பிரேக்குக்கு அதிகம் வேலையே வைக்கவில்லை.

நாற்பதில் போ என்று அண்ணன் பின்னாலிருந்து நச்சரித்தான். அண்ணி ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"மூணாவது கியர்ல நாப்பது போனா, வண்டி நகர்றதுக்குக் கொஞ்சம், இன்ஜின் வீணா சுத்துறதுக்கு மீதி. நூத்தி இருபது போனா காத்தைத் தள்ளுறதுக்கே பாதி போயிடும். வேகம் கூடக் கூடக் காத்துக்குத்தான் சாப்பாடு போடுறோம். நடுவுல ஒரே சீரா போனா போதும். வேன் ஓட்டின காலத்துல எங்களுக்கு இதுதான் வேலை, ரூட் முடியிற வரைக்கும் டீசல் தாங்கணும்."

"பெரிய இன்ஜினியர்" என்றான் அண்ணன், என்னைப் பார்த்து.

"நீ என்ன, காலைல காத்துக்கு விருந்தே வச்சியே" என்றேன் நான். அதற்குப் பிறகு அவன் என் பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச தூரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. அம்மா தூங்கிவிட்டாள். மகன் காரில் அம்மா ஒரு நாளும் தூங்கியதில்லை. லாரி ஹாரனுக்குத் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டே இருப்பாள். அண்ணன் அந்தக் குறட்டையை ஒரு துரோகத்தைப் பார்க்கிறவன் போல் பார்த்தான்.

ஆலை கேட்டில் அண்ணியும் நிற்கவில்லை. லேசாக வேகத்தைக் குறைத்து, மாடியில் நீளமாக இருந்த லேப் ஜன்னல்களை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திருப்பினாள்.

பங்க். அதே பம்ப். அம்மாவைக்கூட எழுப்பி இறக்கிவிட்டோம், சாட்சிக்கு. எண்கள் ஓடின. நாலரை வருவதற்கு முன்பே பம்ப் நின்றுவிட்டது.

அண்ணன் குனிந்து மீட்டரைப் பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். இன்னும் போகும், போடுங்க என்று பம்பில் இருந்தவரிடம் சொன்னான். அவர் சொட்டுச் சொட்டாக விட்டார். டேங்க் வாய் வழிந்து பெட்ரோல் அண்ணனின் வெறுங்காலில் கொட்டியது. அப்போதும் ஐந்து வரவில்லை.

"காத்து பின்னாடியிருந்து அடிச்சிருக்கு" என்றான், காலை உதறிக்கொண்டே.

"போகும்போதும் பின்னாடி, வரும்போதும் பின்னாடியா?" என்று கேட்டேன்.

அவன் உடனே வேறு கிளைக்குத் தாவினான். பெட்ரோல் மட்டுமா விஷயம்? வீடு என்று ஒன்று இருக்கிறது, அம்மாவின் முழங்கால் இருக்கிறது, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இதெல்லாம் காலையில் எங்கே போயிருந்தது? ஜெயிக்கிறவரை டேங்க் நீதிபதி, தோற்றதும் நாலு பேர் நீதிபதி. தெருவில் 'மைலேஜ்' என்கிறார்கள், பெயரைக்கூடச் சரியாக வைக்கத் தெரியாதவர்கள். நாற்பதில் போகிறபோதெல்லாம் இவன் மிச்சம் பிடித்ததாகச் சொன்ன பெட்ரோலில் பாதி வீணாகத்தான் எரிந்திருக்கிறது. அதை இத்தனை வருடம் எங்களுக்குப் பாடம் வேறு எடுத்திருக்கிறான்.

வீடுவரை அண்ணியேதான் ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நாற்காலியில் சாய்ந்தாள். அண்ணன் கால் கழுவிவிட்டு வந்து, ஒன்றுமே நடக்காதது போல் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னான். அண்ணி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம். வேலையைப் பத்தித்தானே, நாலு நாள் டைம் கேளு, யோசிப்போம்."

"வேலையைப் பத்தி இல்ல. காலைல நூத்தி இருபது போனீங்கல்ல?"

அண்ணன் முகம் சிறுத்தது. அது டெஸ்டுக்காக, ரோடு காலியாக இருந்தது என்று ஏதோ மென்றான்.

"எங்க அப்பாவைப் பாக்கப் போனதும் அதே ரோடுதான். அன்னிக்கும் காலியாத்தான் இருந்துச்சு."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையில் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே அண்ணி எதை நினைத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. வேலையை அல்ல. இதை.

"அன்னிக்கு நீங்க நாப்பதுல போனீங்க. நான் உங்க தோளைப் பிடிச்சுக் கெஞ்சினேன். உங்களுக்கு வேகமா ஓட்ட வராது, பயம்னு நெனச்சேன். எங்க அம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். மனுஷனுக்கு வராததை எப்படிக் கேக்கிறதுன்னு இத்தனை நாளும் என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன்."

குரல் உயரவே இல்லை.

"உங்களுக்கு நல்லாவே வருது. இன்னிக்குத்தான் பார்த்தேன்."

இந்த இடத்தில் மனிதனாகப் பிறந்த எவனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். காலில் விழ வேண்டாம், குறைந்தபட்சம் தலையைக் குனிந்திருப்பான். என் அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா?

"அன்னிக்கு டேங்க்ல கம்மியாத்தான் இருந்துச்சு. வேகமா போயிருந்தா நடுவழியில நின்னிருப்போம். பங்க்ல நிறுத்திப் போடலாம்னா அந்தப் பக்கம் ரேட் ஜாஸ்தி."

அவன் அதைச் சொல்லி முடித்தபோது அவனுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் சொல்லிவிட்டான். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஒரு அப்பனின் கடைசி மூச்சை இவன் பங்க் ரேட்டோடு வைத்து எடை போட்டிருக்கிறான்.

"வாயை மூடுடா" என்றாள் அம்மா.

என் நினைவு தெரிந்து அம்மா அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வசவு அது. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணி அழவில்லை. சாவியைச் சாப்பாட்டு மேஜை மேல், அண்ணனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அண்ணன் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி ஓடியது. கார் பிழைத்தது, ஆகவே தானும் பிழைத்தோம் என்று நினைத்துவிட்டான் போல. கையை நீட்டிச் சாவியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அண்ணி போனை எடுத்து ஆலைக்குப் பேசினாள். பாலுக்கு லீவு கிடையாது, மறுமுனையில் உடனே எடுத்தார்கள். பெயரைச் சொன்னாள். வேலைக்கு வருவதாகச் சொன்னாள். பெட்ரோல் கூப்பன் வேண்டாம் என்றாள்.

அண்ணனின் விரல்கள் சாவி மேல் நின்றுவிட்டன.

"ஆலைக்குள்ளயே குவார்ட்டர்ஸ் இருக்குன்னு சொன்னீங்களே, அதுல ஒண்ணு காலியா இருக்கா?" என்று அண்ணி கேட்டாள்.

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். அண்ணி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இருக்காம். எத்தனை பேர் வர்றீங்கன்னு கேக்குறாங்க."

சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். முந்தானையை விலக்கிய அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.